மாக் சல்லும் மணப்பெண் அறை ஏசியும்

மணப்பெண் அறைக்குள் நுழைந்ததும் எந்த அலங்காரக்காரியும் முதலில் பெண்ணின் முகத்தைத்தான் பார்ப்பாள். சல்பியா மேலே பார்ப்பாள். உத்தரத்துக்கு அடியில் சுவரோடு ஒட்டி இருக்கிற ஏசியைப் பார்த்து, உதடு மட்டும் அசைய என்னவோ சொல்வாள். பிறகு பெண்ணின் தாயிடம் திரும்பி, பெரிய துண்டு ஒன்றும் பழைய டூத்பிரஷ் ஒன்றும் கேட்பாள். பெண்ணைத் தவிர மற்ற எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். சற்று நேரம் கழித்து, துண்டில் எதையோ சுற்றி மார்போடு அணைத்தபடி குளியலறைக்குப் போவாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான். அப்புறம் அந்த அறை மலையுச்சி போலக் குளிர்ந்துவிடும். அவள் கை பட்ட முகம் உச்சி வெயிலிலும் கலையாது.

மலேசியாவில் மூவார் ஆற்றுக்குத் தெற்கே, தென்னையும் செம்பனையும் நிற்கிற கால்வாய்க் கரைக் கம்பங்களில், அதாவது மலாய்க் கிராமங்களில், அவளுக்கு மாக் சல், சல் அம்மா, என்று பெயர். "மாக் சல் வந்தாச்சுன்னா முகத்துல ஒளி ஏறிடும்" என்பார்கள். எதனால் ஏறுகிறது என்பதில்தான் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் கைத்திறமை என்றார்கள். மீதிப் பேர் குரலைத் தாழ்த்தி, "அது வேற விஷயம்" என்றார்கள். மணப்பெண்ணை அலங்கரிக்கிறவள் தண்ணீரில் ஓதி முகத்தில் தெளிப்பதும், எலுமிச்சம்பழத்தை முகத்தைச் சுற்றி உருட்டுவதும் முன்காலத்தில் நடந்தவைதானே. துண்டு, தண்ணீர், சாத்திய கதவு. வேறென்ன வேண்டும் ஊருக்கு?

உண்மை என்னவென்றால், இந்தப் பழக்கம் சல்பியாவின் சொந்த வீட்டு முன்னறையில் தொடங்கியது.

அந்த அறையில்தான் பெண்களை முன்கூட்டியே வரவழைத்து, எந்த நிறம் எந்தக் கன்னத்துக்கு ஒத்துப்போகும் என்று பூசிப் பார்ப்பாள். அறைக்கென்று ஒரு ஏசி வாங்கி மாட்டியிருந்தாள். முதல் வருஷம் நன்றாகக் குளிர்ந்தது. அப்புறம் மூக்கடைத்தவன் மூச்சு விடுவது போல இரைய ஆரம்பித்தது. காற்று வந்தது, குளிர் வரவில்லை. அதன் வாயிலிருந்து தண்ணீர் சொட்டி, வந்த பெண்களின் தலையில் விழுந்தது. பழுதுபார்க்க வந்தவர் வாயு குறைந்துவிட்டது என்று நிரப்பிவிட்டுப் போனார். மறுபடியும் அதே கதை, மறுபடியும் வந்து நிரப்பினார்.

ஒருநாள் ஒரு பல்லி ஏசிக்குள் ஓடி ஒளிந்தது. அவள் புருஷன் வாகிமான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், பல்லி என்றால் மட்டும் வேன் ஏற்றிக் கொல்லும் அளவுக்குப் பகை. நாற்காலி போட்டு ஏறி முன்மூடியைத் தூக்கினான். பல்லியை விட்டுவிட்டு அப்படியே நின்றான்.

"சல், இங்க வா. உன் மூஞ்சி பூராவும் இங்கதான் இருக்கு."

உள்ளே இருந்த பில்டர் வலை தெரியவில்லை. அதன்மேல் ரோஜா நிறத்தில், மெத்தை போல, முகப்பவுடர் படிந்து கிடந்தது. மணம் வேறு. அவள் பூசிய பெண்கள் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

வாகிமான் அந்த வாரம் முழுக்கச் சிரித்தான். "ஏசிக்கு இவ்வளவு அழகா பூசி விட்டிருக்கியே, மாப்பிள்ளை பார்க்கலாமா?" என்று கேட்டான். சல்பியா வலையைக் கழுவி நிழலில் உலர்த்தி மாட்டினாள். அன்றைக்கு மத்தியானம் அந்த அறையில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கினார்கள்.

அதிலிருந்து அவளுக்கு ஒன்று விளங்கியது. கல்யாண வீடுகளில் பெண்ணின் முகம் உருகுவதற்குப் பெண்ணும் காரணமில்லை, பூச்சும் காரணமில்லை. பாதி வீடுகளில் ஏசி மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறது.

சொல்லிவிட வேண்டியதுதானே என்றால், அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. ஒரு கல்யாண வீட்டுக்கு வந்த பழுதுக்காரர், சம்பந்திகள் உட்கார்ந்திருந்த கூடத்தில் பில்டரைத் தூக்கிப் பிடித்து, "என்ன இது, பூனை செத்துக் கிடக்கற மாதிரி" என்றார். சொன்னவர் மறந்துவிட்டுப் போனார். பெண்ணின் தாய் அன்றைக்குச் சாப்பிடவே வெளியே வரவில்லை. சல்பியா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தவர் குறையை மூடுகிறவரின் குறையை அல்லா மூடுவான் என்று சிறுவயதில் ஓதும்போது கேட்டது அவள் மனதில் ஆணி அடித்தாற்போல் இருந்தது. கல்யாண நாளில் ஒரு தாயின் வீட்டு அழுக்கு நாலு பேர் முன்னால் தூக்கிக் காட்டப்படக்கூடாது. அதனால் கதவைச் சாத்தினாள். துண்டில் சுற்றினாள். மேலே பார்த்து அவள் முணுமுணுத்ததும் பிஸ்மில்லாதான்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. வாகிமான் ஒருநாள் காப்பிக் கடையிலிருந்து வந்து சொன்னான். "நீ தண்ணியில ஓதுறியாம். துண்டுக்குள்ள என்னவோ உசிரோட வெச்சிருக்கியாம்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எல்லாரும் சொல்றாங்க."

சல்பியா சிரித்தாள். ஆனால் அன்று மாலைத் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்தவள் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

*

பாரிட் கெமாங்கிக் கம்பத்தில் பிலால் சுஹைமி வீட்டுக் கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிட்டது மணப்பெண் ஜுவைரியாதான். சுஹைமி அங்குள்ள சிறிய தொழுகைக்கூடமான சூராவில் தொழுகைக்குப் பாங்கு சொல்கிறவர், அதனால்தான் பிலால் என்ற பட்டம். குரல் இனிது, பிடிவாதம் அதிகம். அவர் மனைவி ரொக்கியாவோ சுத்தத்துக்குப் பேர் போனவள். யார் வீட்டுக்குப் போனாலும் பேசிக்கொண்டே சுட்டுவிரலைச் சன்னல் கண்ணாடிப் பலகையில் ஓட்டி, விரல் நுனியைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். விரலை ஊதுவாள். அந்த ஊதலுக்குப் பயந்தே ஊரில் பெண்கள் வீடு துடைத்தார்கள்.

மகள் ஜூவுக்கு ஒரு கஷ்டம். பயம் வந்தால் முகம் வேர்க்கும். சாதாரண வேர்வை இல்லை, மழை. நிச்சயதார்த்தத்தன்று கண்மை கன்னத்தில் ஓடி, கன்னத்துச் சிவப்பு கழுத்துக்கு வந்துவிட்டது. அத்தை மகள் ஒருத்தி அதைப் படம் எடுத்து எல்லார் போனுக்கும் அனுப்பினாள். அதற்குக் கீழே யாரோ 'உருகும் மெழுகுவத்தி' என்று எழுத, பெயர் நிலைத்துவிட்டது. ஜூ ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: நிக்காஹ் நடக்கட்டும், ஆனால் மணமேடையில் ஊர் பார்க்க உட்காரமாட்டேன்.

சல்பியா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காரு ஜூ. முகம் ஓடாது. நான் பொறுப்பு."

"ஓடிடுச்சுன்னா, மாக் சல்?"

"ஓடுச்சுன்னா என் பெட்டிய ஆத்துல வீசிடறேன். நீயே வந்து பாரு."

பெண் முதன்முறையாகச் சிரித்தாள். பிலால் சுஹைமி மட்டும் வாசல்வரை வந்து, தரையைப் பார்த்தபடி, அக்கா என்ற மரியாதையில் காக் போட்டுச் சொன்னார். "காக் சல்பியா, தப்பா எடுத்துக்காதீங்க. காதுல நாலு பேச்சு விழுது. என் வீட்டுல ஓதறது ஊதறது எதுவும் வேணாம். குரானைத் தவிர."

"குரானைத் தவிர எனக்கும் வேற தெரியாது, பிலால்" என்றாள் சல்பியா.

*

கல்யாண நாள் காலை. ஊரே கூடிச் சமைத்துக்கொண்டிருந்தது. சமையலறையை ஒட்டிப் போட்ட பந்தலுக்குள் ஒரு பக்கம் தேங்காய் துருவல், ஒரு பக்கம் வெங்காயம். பெரிய சட்டியில் மாட்டிறைச்சி கொதித்தது. வாகிமான் வேனை நிறுத்தி அலங்காரப் பெட்டிகளை இறக்கியதுமே வெங்காயக் கூட்டம் தலை நிமிர்ந்தது.

"வாங்க மாக் சல். எங்க முகத்துக்கும் கொஞ்சம் பூசி விடுங்க."

"உனக்குப் பூச பெட்டி பத்தாதுடி, வேன் வேணும்" என்றது இன்னொரு குரல்.

வாகிமான், "வேன் இருக்கு, பூச ஆளில்ல" என்று சொல்லிவிட்டுக் காப்பி தேடிப் போனான்.

ரொக்கியா பெருமையோடு மணப்பெண் அறையைத் திறந்தாள். வெள்ளையடித்த சுவர், தங்கநிறத் திரை, பூ வைத்த கட்டில். இந்தக் கல்யாணத்துக்காகவே புதிதாக வாங்கி மாட்டிய ஏசி, அதன் முகத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. உரித்தால் பழசாகிவிடும் என்று ரொக்கியா உரிக்க விடவில்லை. ஆனால் அறை வெந்துகொண்டிருந்தது. ஜூ கட்டில் ஓரத்தில் கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்தாள். பூச்சு ஒன்றும் போடுவதற்கு முன்பே நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

"பதினாறுல வெச்சிருக்கேன், காக்" என்றாள் ரொக்கியா. "புது மெசினு. ஆளு நிறைய வந்து போறாங்கல்ல, அதான் சூடு."

சல்பியா மேலே பார்த்தாள். இரைச்சல் கேட்டது, காற்று வரவில்லை. மூலையிலிருந்து தண்ணீர் ஒரு கோடாகச் சுவரில் இறங்கித் தங்கநிறத் திரையை நனைத்திருந்தது. அவள் உதடு அசைந்தது. வாசலில் நின்ற துமினா அதைப் பார்த்தாள். துமினா பிலாலின் தங்கை. நிச்சயதார்த்தப் படத்தை அனுப்பியது அவள் மகள்தான்.

"ஒரு பெரிய துண்டும் ஒரு பழைய டூத்பிரஷும் குடுங்க, ரொக்கியா" என்றாள் சல்பியா. "ஜூவைத் தவிர மத்தவங்க கொஞ்சம் வெளிய இருங்க."

துமினா விடுவிடுவென்று பந்தல் பக்கம் நடந்தாள்.

கதவு சாத்தியதும் சல்பியா நாற்காலியில் ஏறி மூடியைத் தூக்கினாள். ஜூ கீழிருந்து அண்ணாந்து பார்த்தாள். வலை இரண்டும் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தன. உள்ளே உள்ள கம்பிகளில் பனி கட்டி, மீன் கடை ஐஸ்பெட்டி போல ஆகியிருந்தது.

"எனக்கு முன்னாடியே யாரோ இதுக்கு மேக்கப் போட்டுட்டாங்க" என்றாள் சல்பியா.

"என்ன அது, மாக் சல்?"

"உன் வேர்வைக்குக் காரணம். நீயில்ல. பேசாம இரு, யாருகிட்டயும் சொல்லாத." ஏசியை நிறுத்தினாள். "இந்த ஐசு உருகணும், இது கழுவிக் காயணும். அப்புறம்தான் உன் முகத்தத் தொடுவேன். மாப்பிள்ளை வர்றதுக்குள்ள முடிச்சிடலாம், இன்ஷா அல்லா."

வலைகளைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். குளியலறை வீட்டின் பின்கட்டில், சமையல் கூட்டத்தைத் தாண்டி இருந்தது. துண்டு மூட்டை வந்ததும் கூடம் வழிவிட்டது. ஒருத்தி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி மருமகளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். சல்பியாவுக்குச் சிரிப்பு வந்தது. சமையலறை வாசலுக்கு வந்தபோது அது நின்றுவிட்டது. பிலால் சுஹைமி குறுக்கே நின்றுகொண்டிருந்தார்.

"காக், துண்டுக்குள்ள என்ன?"

வெங்காயம் நறுக்குகிற சத்தம் நின்றது.

"ஒண்ணுமில்ல, பிலால். கழுவ வேண்டிய சாமான்."

"கழுவற சாமான எதுக்கு மறைக்கணும்?"

சல்பியா துண்டை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். துண்டைத் திறந்தால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். ஆனால் பிலாலுக்குப் பின்னால், கையில் கரண்டியோடு ரொக்கியா நின்றாள். அவளைச் சுற்றி அந்த விரலுக்குப் பயந்து வாழ்ந்த அத்தனை பெண்களும் நின்றார்கள். இன்றைக்கு இது திறந்தால் ரொக்கியா இருக்கிறவரைக்கும் பேசுவார்கள். திறக்காவிட்டால் தன் பெயர் போகும். கிளம்பிவிடலாம் என்றால், அறையில் ஒரு பெண் அவள் வார்த்தையை நம்பி உட்கார்ந்திருக்கிறாள்.

"பிலால், நான் அஞ்சு வேளையும் தொழறவ. இதுல தப்பு எதுவும் இல்ல. என் வார்த்தைய நம்புங்க."

"நம்பறேன். அப்ப தெறந்து காட்டுங்க."

"இங்க வேணாம்."

"பாத்தீங்களா அபாங்" என்று அண்ணனிடம் சொன்னாள் துமினா. "நான்தான் அப்பவே சொன்னேன்."

"குளியலறைக்கு வாங்க, காட்டறேன்" என்று சொல்ல வாயெடுத்த சல்பியா, எப்படி ஒரு அந்நிய ஆணைக் குளியலறைக்குக் கூப்பிடுவது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாள். பிலாலுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அவர் காது சிவந்தது.

"ரொக்கியா" என்றார். "நீ கூடப் போயி பாத்துட்டு வா. நீ பாத்துட்டு சரின்னா சரி. இல்லன்னா, மகள் பூசாமலே உக்காரட்டும்."

*

குளியலறைக் கதவைச் சாத்தியதும் சல்பியா துண்டைப் பிரித்தாள். ரொக்கியா குனிந்து பார்த்தாள்.

"இது என்னது?"

"உங்க ஏசியோட பில்டர்."

"என் ஏசியா? அது புதுசு, காக். தாளுகூட உரிக்கல."

"தாளு வெளிய இருக்கு. அழுக்கு உள்ளார போயிருக்கு. வீட்டுக்குச் சுண்ணாம்பு, பெயிண்டு எல்லாம் எப்ப நடந்துச்சு?"

"ஏசி மாட்டுன கையோட. பெயிண்டர் பட்டி போட்டு உப்புத்தாள் வெச்சுத் தேச்சாரு. வெக்கை தாங்காம அடிக்கடி காப்பி குடிக்க வெளிய போனாரு. வேலை ஓடணுமேன்னு கதவச் சாத்தி, நான்தான் ஏசியப் போட்டுக்…" ரொக்கியாவின் கை வாய்க்குப் போனது.

"அதான். அறையில என்ன இருக்கோ அதத்தான் அது இழுக்கும். தேச்ச பட்டி அம்புட்டும் இதுல உக்காந்துருச்சு. காத்துக்கு வழியில்ல. குளிரு வெளிய வர முடியாம உள்ளயே பனியாக் கட்டிப் போச்சு. மூக்கப் பொத்திக்கிட்டுப் பாடச் சொன்னா யாருக்கு வரும்?"

சல்பியா ஒரு வலையை எடுத்துப் பின்பக்கமாகத் தண்ணீரைக் காட்டினாள். தரையில் பால் ஓடியது. பிரஷால் மெல்லத் தேய்க்கத் தேய்க்க, வலையின் கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ரொக்கியா அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப எல்லா வீட்டுலயும் இததான் செஞ்சீங்களா?"

"ஆமா."

"எங்க அக்கா வீட்டுல?"

"கேக்காதீங்க."

"துமினா பெரிய மக கல்யாணத்துல?"

சல்பியா தண்ணீரை இன்னும் கொஞ்சம் வேகமாகத் திறந்துவிட்டாள்.

"காக், இத்தன நாளும் ஊரு உங்கள என்னென்னவோ சொல்லுச்சே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா தீந்திருக்குமே."

"கல்யாணத்தன்னிக்கி ஒரு தாயோட அழுக்க நான் ஏன் ஊருக்குக் காட்டணும்? வெளிய போயி, மந்திரம் இல்லன்னு மட்டும் சொல்லுங்க. மத்தது உங்களோடயும் என்னோடயும் இருக்கட்டும்."

ரொக்கியா வெளியே போனாள். சல்பியா பாதி திறந்த கதவு வழியாகக் கேட்டுக்கொண்டே கழுவினாள்.

"மந்திரமெல்லாம் இல்ல" என்றாள் ரொக்கியா.

"பின்ன என்னதான் இருக்கு துண்டுல?" இது துமினா.

"அது… கழுவற சாமான்."

"அதையேதான் அவங்களும் சொன்னாங்க. அண்ணிக்கும் ஏதோ ஓதி விட்டாச்சு போல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிலால், "ரொக்கியா, நேரா என்னப் பாத்து சொல்லு" என்றார்.  சல்பியா குழாயை மூடினாள். பெட்டிகளை மறுபடி வேனில் ஏற்றவேண்டியதுதான், ஜூவிடம் என்ன சொல்வது என்று அவள் மனம் ஓடிக்கொண்டிருந்தபோது, கதவு படாரென்று திறந்தது.

ரொக்கியா உள்ளே வந்தாள். கழுவாமல் வைத்திருந்த இரண்டாவது வலையை எடுத்தாள்.

"ரொக்கியா, வேணாம்" என்றாள் சல்பியா.

"விடுங்க காக். நீங்க மூடுனது போதும்."

சமையலறை நடுவில் போய் நின்று, வலையை இரு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.

"எல்லாரும் பாத்துக்கங்க. துண்டுக்குள்ள இருந்த பேய் இதுதான். என் புது ஏசியோட பில்டரு. இதுல இருக்கறது என் வீட்டு அழுக்கு. பட்டித் தூசியில ஏசியப் போட்டு விட்டது நான். இத யாரும் பாத்து என்னப் பேசக்கூடாதுன்னு இந்தப் புண்ணியவதி திட்டு வாங்கிட்டு நிக்கறாங்க."

சொல்லிவிட்டு, ஊருக்கே தெரிந்த அந்தச் சுட்டுவிரலை வலையின் மேல் ஒரு இழு இழுத்தாள். விரல் நுனி மாவில் தோய்த்தது போல வெள்ளையாக வந்தது. அதை எல்லார் முகத்துக்கும் நேராக ஒரு சுற்றுக் காட்டி, வாயருகே கொண்டுபோய், ஊதினாள்.

 அப்புறம் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெரியம்மா ஒருத்தி குலுங்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்து அடுத்தவள். பந்தல் தாங்காத சிரிப்பு. வெங்காயக் கண்ணீரும் சிரிப்புக் கண்ணீரும் ஒன்றாய்ப் போயிற்று. ரொக்கியாவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இத்தனை வருஷமாக அந்த விரலுக்குப் பயந்த ஊருக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது.

பிலால் சுஹைமி மட்டும் சிரிக்கவில்லை. குளியலறை வாசலுக்குச் சற்றுத் தள்ளி நின்று, தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"காக், சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

"மகளுக்காகத்தானே கேட்டீங்க, பிலால். இப்ப வழி விடுங்க, இது காயணும்."

*

இரண்டு வலையையும் துண்டில் ஒற்றி எடுத்தாள். வெயிலில் வைத்தால் கோணிக்கொள்ளும். அதனால் முடி உலர்த்தும் கருவியைச் சூடில்லாமல் வெறும் காற்றில் வைத்து, பெண்ணின் கூந்தலுக்குக் காட்டுகிற பொறுமையோடு காட்டினாள். உள்ளே பனி உருகிச் சொட்டிய தண்ணீருக்கு ஜூவே பாத்திரம் பிடித்தாள். பூப்போட்ட கட்டிலில் ஏறி நின்று, தலையில் இரண்டு சொட்டு வாங்கிக்கொண்டு, அவள் பயத்தையே மறந்துவிட்டாள். பிளாஸ்டிக் தாளை உரிக்கச் சொல்லி ரொக்கியாவே உத்தரவு போட்டாள்.

வலைகளை மாட்டி மறுபடி போட்டபோது, முதலில் ஒரு பெருமூச்சு வந்தது. அப்புறம் காற்று வந்தது. திரை அசைந்தது. ஜூ கண்ணை மூடிக்கொண்டு முகத்தை மேலே தூக்கினாள்.

"அல்ஹம்துலில்லா" என்றாள் சல்பியா. "இப்ப உக்காரு மகளே."

பூசிக்கொண்டிருந்தபோதே வெளியே ஏதோ குறைவது தெரிந்தது. பேச்சுச் சத்தம் மெலிந்துகொண்டே போனது. வாகிமான் சன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"சல், பந்தல்ல பாதிப் பேரக் காணோம். அடுப்புல இருக்கறத நான்தான் கிண்டிக்கிட்டிருக்கேன். ஒவ்வொருத்தியா, உப்பு எடுத்துட்டு வரேன், பிள்ளையப் பாத்துட்டு வரேன்னு நழுவறாளுக. துமினா முதல்ல போனா. ஓடுனா."

சல்பியா பிரஷை நிறுத்தாமல், "கறி அடி பிடிக்காமப் பாத்துக்க" என்றாள். ஆனால் ஜூ கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள். இருவரும் சிரித்ததில் உதட்டுச்சாயத்தை மறுபடி போடவேண்டியதாயிற்று.

உச்சிப்பொழுதுத் தொழுகை முடிந்து மாப்பிள்ளை வந்தார். கொம்பாங் பறைகள் சாலையிலேயே அதிர ஆரம்பித்தன. மினுங்கும் தாளில் செய்த தென்னம்பாளைக் கொத்துகள் முன்னால் ஆட, இளைஞர்கள் அடித்துக்கொண்டு வந்தார்கள். ஜூ மாப்பிள்ளையை எதிர்கொள்ள வாசலுக்கு வந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. சல்பியா பக்கத்தில் மடித்த மெல்லிய தாளோடு தயாராக நின்றாள். எங்கே முதல் சொட்டு வரும் என்று அவள் கண் நெற்றியிலேயே இருந்தது. வரவில்லை.

ஜூ மாப்பிள்ளையைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாக் சல், அங்க பாருங்க."

கால்வாய்க் கரை நெடுக, வீட்டுக்கு வீடு, துணிக்கொடிகளில் பில்டர்கள் தொங்கின. மாமரக் கிளையில் ஒன்று. வேலியில் வரிசையாக. துமினா வீட்டுக் கொடியில் தொங்கியவற்றிலிருந்து இன்னும் கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. காற்றில் அவை எல்லாம் கொம்பாங் தாளத்துக்கு ஆடுவது போலிருந்தது. மாப்பிள்ளை வீட்டார், இது இந்தக் கம்பத்துத் தோரணம் போல என்று நினைத்து மரியாதையோடு பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

ஜூவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணில் நீர் வந்து ஒரு துளி கன்னத்தில் இறங்கிற்று. சல்பியா மூச்சைப் பிடித்தாள். துளி மட்டும் இறங்கியது. மை இருந்த இடத்திலேயே இருந்தது.

நிக்காஹ் முடிந்து, மணமேடையில் ஜூ ராணி போல உட்கார்ந்தாள். பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து மஞ்சள் அரிசி தூவி வாழ்த்தினார்கள். துமினா மகளும் வந்து படம் எடுத்தாள். எடுத்ததைப் பார்த்து, "அழகா இருக்கடி" என்றாள், முனகினாற்போல. "அதையும் எல்லாருக்கும் அனுப்பு" என்றாள் ஜூ.

சல்பியா நெய்ச்சோற்றோடு ஒரு ஓரத்தில் உட்கார்ந்தபோதுதான் பிலால் சுஹைமி சூராவிலிருந்து திரும்பி வந்தார். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டியிருந்தார். கை ஈரம். கறுப்புத் தொப்பியின் மேல் பூனைமுடி போலச் சாம்பல் தூசி ஒட்டியிருந்தது. ரொக்கியா ஓடிவந்து அதைத் தட்டிவிட்டாள். அவர் சற்றுத் தயங்கி, சல்பியாவிடம் வந்தார்.

"காக், ஒண்ணு கேக்கணும். அறைக்குள்ள போனதும் மேல பாத்து ஏதோ சொல்வீங்களாமே. என்ன அது?"

"பிஸ்மில்லா சொல்வேன், பிலால்."

"அவ்வளவுதானா? அதுக்கு மேலயும் உதடு அசையுதுன்னு துமினா சொன்னா."

சல்பியாவுக்கு வெட்கமாகப் போயிற்று. சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"யா அல்லா, உள்ள பல்லி இருக்கக் கூடாதுன்னு கேட்டுக்குவேன்."

பிலால் சுஹைமி அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தார். பாங்கு சொல்கிற குரல் அல்லவா, பந்தல் முழுக்கக் கேட்டது. மணமேடையில் இருந்த ஜூகூடத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் கேட்டுக்காமத் தெறந்துட்டேன், காக்" என்றார். "சூரா ஏசிக்குள்ள ரெண்டு இருந்துச்சு."